நாய்கள் திரும்பிய பிறகு

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு 'கோதிக் புனைவில் காதலும் பழியும் ஊர்க்கட்டும்' என்பது. பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, நள்ளிரவில் சன்னலைத் தட்டும் கை, செத்தும் அடங்காத ஆசை ஆகியவற்றை வைத்து ஐரோப்பாவில் எழுதப்பட்ட கதைகளுக்குக் கோதிக் என்று பெயர். அவற்றைப் பற்றிப் பேச இந்த மலைக்கு ஏன் வர வேண்டும் என்று சென்னையில் சிலர் கேட்டார்கள். அந்தக் கதைகள் எதைச் சொல்ல இரண்டு நூற்றாண்டுகள் முயன்றனவோ, அதை இந்த மலையின் தோற்றக் கதை ஒரு பக்கத்தில் சொல்லிவிடுகிறது. அதனால்தான் வந்தேன்.

அந்தக் கதை முதலில் வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாயிற்று. அங்கிருந்து எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய பெருந்தொகுப்புக்குள் வந்தது. இந்த மலையில் வாழும் மலையாளி மக்கள் ஒரு சிறிய ஓலைச்சுவடியில் இதைக் காத்து வந்தார்கள் என்ற குறிப்பும் அங்கே உண்டு. உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் சுவடி சொன்னபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

சக ஆண்டு 1055, அதாவது கி.பி. 1132. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். கங்குந்தி இன்றைக்கு ஆந்திரத்தில், குப்பத்தை ஒட்டி இருக்கிறது. வேளாளர்கள் ஏளனம் செய்து மறுத்தார்கள். ஆத்திரம் கொண்ட வேடர்கள் ஏழு கன்னிப்பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்களை மீட்க ஏழு வேளாளர்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். புறப்படும்போது மனைவிமாரிடம் சொன்னார்கள்: நாய்கள் மட்டும் தனியே திரும்பினால் நாங்கள் மாண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்குச் செய்ய வேண்டிய காரியங்களைச் செய்துவிடுங்கள். பாலாற்றங்கரைக்கு வந்தால் ஆற்றில் வெள்ளம். ஆண்கள் அரும்பாடு பட்டுக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்திவிட்டுத் திரும்பிக் காஞ்சிக்கே ஓடிவிட்டன. ஆண்கள் கங்குந்திக்குப் போனார்கள், பெண்களைத் தூக்கிச் சென்ற வேடர்களைக் கொன்றார்கள், ஊர் திரும்பினார்கள். வீட்டில் கருமாதி முடிந்திருந்தது. மனைவிமார் கைம்பெண்களாகியிருந்தார்கள். உயிரோடு வந்து நின்ற ஏழு பேருக்கும் ஊரில் இடமில்லை, சாதியில் இடமில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறினார்கள், நிலம் திருத்தினார்கள், மலையாளி மக்களின் முன்னோர் ஆனார்கள்.

சுவடியில் உள்ளது இவ்வளவுதான். இது வரலாறா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் பச்சைமலையிலும் வாழும் மலையாளி மக்கள், காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் கதையைத் தங்கள் தோற்றமாகச் சொல்வார்கள். மலைக்கு மலை கதை வேறு. ஆண்டுக் கணக்கை வைத்துச் சரித்திரம் எழுத நான் வரவில்லை. ஒரு மக்கள் கூட்டம் தன் பிறப்பைச் சொல்ல எத்தனையோ கதைகள் இருக்க, ஊர் செத்தவர்களாகத் தீர்மானித்துவிட்ட ஆண்களிலிருந்து தாங்கள் வந்தோம் என்று ஓலையில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

முதலில் நாய்களைப் பார்ப்போம். அவை எந்தத் தவறும் செய்யவில்லை. வெள்ளத்தைக் கண்டு பயந்து வீட்டுக்கு ஓடி வந்தன. மனைவிமாரும் தவறு செய்யவில்லை, கணவன்மார் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். ஆண்கள் போன காரியத்தை முடித்தார்கள். ஊரார் வழக்கத்தைக் காத்தார்கள். ஒவ்வொருவரும் தன் கடமையைச் சரியாகச் செய்ததனாலேயே ஏழு குடும்பங்கள் அழிந்தன. கொடியவன் ஒருவன்கூடத் தேவைப்படாமல் இவ்வளவு பெரிய கொடுமை நடக்கிற கதை உலக இலக்கியத்திலேயே அரிது.

இதே வட்டாரத்தில், மலைக்குத் தெற்கே எடுத்தனூரில், இன்னொரு நாய் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் அது, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வரைக் கடித்து, எசமானின் பக்கத்திலேயே காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. கல்லில் நாயின் உருவமும் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலைப் புரட்டினால் தொறு, அதாவது ஆநிரை, மீட்டுப் பட்டவர்கள் வரிசையாக வருகிறார்கள். ஆநிரைக்காகச் செத்தவனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து, பூசை செய்தார்கள். அந்தச் சமூகம் செத்தவனை எங்கே வைப்பது என்று நன்றாக அறிந்திருந்தது. சாவான் என்று எதிர்பார்த்தவன் சாகாமல் வந்து நின்றால் என்ன செய்வது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

உலகில் வேறு சிலருக்குத் தெரிந்திருந்தது. இறந்ததாக நம்பப்பட்டு ஊர் திரும்பியவர்களை ரோமர்கள் வாசல் வழியாக விடமாட்டார்கள், கூரை வழியாக இறங்கச் செய்வார்கள் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் அப்படிப்பட்டவனைப் பிறந்த குழந்தையைப் போலக் குளிப்பாட்டித் துணி சுற்றுவார்களாம். மறுபடி பிறந்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வார்கள். நம்முடைய பிற்காலத் தரும சாத்திரத் தொகுப்புகளிலும் இப்படி ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. நெய்யில் முழுக்காட்டி, பிறப்புச் சடங்கு முதல் எல்லாவற்றையும் மீண்டும் செய்து, பழைய மனைவியையே மறுபடி மணம் செய்துகொள்ளலாம். ஆகவே வழி இல்லை என்று சொல்ல முடியாது. காஞ்சியின் கதையில் அந்த வழியை யாரும் நினைக்கவில்லை. மனைவி கைம்பெண் ஆகிவிட்டாள் என்ற நிலை, எதிரே உயிரோடு நிற்கும் கணவனை விட உறுதியானதாக இருந்தது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

கோதிக் புனைவு பேயைப் பற்றிய இலக்கியம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உயிரோடிருப்பவருக்குச் சமூகம் கருமாதி செய்துவிடுகிறது, அவர் எழுந்து வந்து கதவைத் தட்டினால் பேய் என்று அலறுகிறது. என் வாசிப்பில் கோதிக் கதைகளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பேய் கதையின் கடைசியில் வருகிறது. அதற்கு வெகு முன்னாலேயே, விளக்கு வெளிச்சத்தில், பெரியவர்கள் முன்னிலையில் கொலை முடிந்துவிடுகிறது.

கோதிக் புனைவின் தொடக்கமாகக் கருதப்படுவது ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை'. 1764 டிசம்பரில் வெளிவந்தது. வால்போல் அதைத் தன் கதை என்று முதலில் சொல்லிக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்த இத்தாலிய ஏடு என்று முன்னுரை எழுதினார். மறுபதிப்பில்தான் உண்மையைச் சொன்னார். அவருக்குப் பழைய ஏடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த மலை மக்களிடம் உண்மையாகவே ஏடு இருந்தது.

அந்த நாவலில் கோட்டைக்குரிய மான்பிரெட்டின் ஒரே மகன் திருமண நாளன்று வானிலிருந்து விழுந்த ராட்சதத் தலைக்கவசத்தின் அடியில் நசுங்கிச் சாகிறான். வாரிசு போய்விட்டது. மகனுக்கு நிச்சயித்த பெண்ணைத் தானே மணக்கத் தகப்பன் துணிகிறான். உயிரோடிருக்கும் மனைவி ஹிப்போலிட்டாவைத் தள்ளிவைக்கத் திட்டமிடுகிறான். கோட்டைக்குள் நடக்கும் அற்புதங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஆண் வாரிசுக்காக மனைவியை இல்லாதவளாக்கும் சாதாரணக் குடும்பக் கதைதான் எஞ்சும். அடுத்த ஆண்டு, 1765இல், வில்லியம் பிளாக்ஸ்டனின் ஆங்கிலச் சட்ட விளக்க நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. திருமணம் ஆனதும் பெண்ணின் சட்டபூர்வமான இருப்பு நின்றுவிடுகிறது, அவள் கணவனுக்குள் கரைந்துவிடுகிறாள் என்று அது விளக்கியது. அவளுக்கென்று சொத்து இல்லை, ஒப்பந்தம் இல்லை. இந்த இரண்டு நூல்களையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பேன். கோட்டையில் அடைபட்ட பெண்ணின் கதைகள் அடுத்த நூறு ஆண்டுகள் இங்கிலாந்துப் பெண் வாசகர்களை ஏன் தூங்கவிடாமல் செய்தன என்பதற்கு விடை பிளாக்ஸ்டனிடம் இருக்கிறது. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற முழுமையான சட்டம் அங்கே 1882இல்தான் வந்தது.

1847இல், மூன்று மாத இடைவெளிக்குள், அக்காளும் தங்கையும் ஆண் பெயர் போன்ற புனைபெயர்களில் எழுதிய இரண்டு நாவல்கள் வெளிவந்தன. சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' அக்டோபரில். எமிலி பிராண்டியின் 'வதரிங் ஹைட்ஸ்' டிசம்பரில். 'ஜேன் அய'ரில் தார்ன்பீல்டு மாளிகையின் மேல்மாடியில் ராசெஸ்டரின் முதல் மனைவி பெர்தா பூட்டிவைக்கப்பட்டிருக்கிறாள். ஜமைக்காவிலிருந்து சீதனத்தோடு வந்தவள். அவள் சிரிப்பு இரவில் கேட்கிறது, கேட்டவர்கள் பேய் என்று நடுங்குகிறார்கள். மனநோய் கண்ட மனைவியை விவாகரத்து செய்ய அந்நாட்டுச் சட்டம் 1937 வரை இடம் கொடுக்கவில்லை. கணவனுக்கு வெளியேற வழியில்லை, மனைவிக்குக் கதவே இல்லை. அவள் வாயால் ஒரு சொல்லும் அந்த நாவலில் வராது. மேற்கிந்தியத் தீவில் பிறந்த ஜீன் ரைஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' எழுதித்தான் அவளைப் பேசவைத்தார். நூற்றுப்பத்தொன்பது ஆண்டுகள் அவள் காத்திருக்க வேண்டியிருந்தது. சுவடியில் வரும் ஏழு கன்னியரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெர்தா நினைவுக்கு வருகிறாள்.

'வதரிங் ஹைட்ஸ்' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காதலும் பழியும் ஊர்க்கட்டும் மூன்றும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடித்து நிற்கும் நாவல் அது. லிவர்பூல் தெருவில் கண்டெடுத்த அனாதைச் சிறுவனை எர்ன்ஷா வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். குலம் தெரியாது, நாடு தெரியாது, கறுத்த நிறம். அந்த வீட்டில் பிறந்து குழந்தையிலேயே இறந்துபோன மகன் ஒருவனின் பெயரை அவனுக்கு வைக்கிறார்கள்: ஹீத்கிளிஃப். செத்தவனின் பெயரோடுதான் அவன் அந்த வீட்டில் வாழத் தொடங்குகிறான். அதை எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. எமிலி பிராண்டி தற்செயலாக எழுதியிருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டுப் பெண் காதரின் அவன்மேல் உயிராக இருக்கிறாள். ஆனால் அவனை மணந்தால் தன் நிலை தாழ்ந்துபோகும் என்று வேலைக்காரி நெல்லியிடம் சொல்கிறாள். காதரினுக்கு அவன் மீது காதல் குறையவில்லை, கூடவும் இல்லை, ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் அவள் எடை போட்டுப் பார்த்துவிட்டாள். அந்தப் பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு அவன் வெளியேறுகிறான். மூன்று ஆண்டு கழித்துப் பணத்தோடு திரும்பும்போது அவள் பக்கத்துப் பண்ணை எட்கர் லிண்டனின் மனைவி. இந்த இடத்தில் காஞ்சியின் ஏழு பேரும் ஹீத்கிளிஃபும் ஒரே வாசலில் நிற்கிறார்கள். போய் வருவதற்குள் வீடு வேறாகிவிட்டது.

பழிவாங்க அவன் கத்தி எடுக்கவில்லை. காதரினின் அண்ணன் ஹிண்ட்லி சூதாடி. அவனுக்குக் கடன் கொடுத்து, வீட்டை அடமானம் பிடித்து, தனதாக்குகிறான். எட்கரின் தங்கையை மணந்து துன்புறுத்துகிறான். காதரின் பெற்ற பெண்ணைத் தன் நோயாளி மகனுக்குக் கட்டாயக் கலியாணம் செய்துவைத்து, அவள் சொத்தையும் வாரிக்கொள்கிறான். சி.பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926இல் ஒரு சிறு நூல் எழுதினார். நாவலில் நடக்கும் ஒவ்வொரு சொத்து மாற்றமும் அக்கால ஆங்கிலச் சட்டத்துக்கு எவ்வளவு நுட்பமாக ஒத்துவருகிறது என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். குலமில்லாதவன் என்று தன்னை வெளியே தள்ளிய அதே கலியாணம், உயில், அடமானம் ஆகியவற்றை எடுத்துத்தான் அவன் இரண்டு குடும்பங்களையும் அழிக்கிறான். ஊரின் ஆயுதம் ஊர்மீதே திரும்புகிறது. கடைசியில் எல்லாம் கைக்கு வந்தபின் அவனுக்குப் பழியிலும் பசியில்லை, சோற்றிலும் பசியில்லை. காதரினின் கல்லறையைத் தவிர அவனுக்குப் போக இடமில்லை.

நம் நாட்டில் இதை மிகத் துல்லியமாகத் தொட்டவர் தாகூர். 1892இல் அவர் எழுதிய 'உயிருடனும் இறந்தும்' கதையில் காதம்பினி ஒரு கைம்பெண். சமீன்தார் வீட்டில் கணவனுடைய அண்ணனின் குழந்தையை வளர்க்கிறாள். மூச்சு நின்றுவிட்டது என்று சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். இரவில் விழித்துக்கொள்கிறாள். தூக்கிப் போனவர்கள் பயந்து ஓடிவிட்டு, எரித்துவிட்டோம் என்று பொய் சொல்கிறார்கள். நான் செத்தவள்தானோ என்று அவளே நம்பத் தொடங்குகிறாள், அதுதான் கதையின் கொடூரம். வீடு திரும்பினால் குழந்தை மட்டும் அவளை அஞ்சவில்லை. மற்றவர்கள் போய்விடு என்று கும்பிடுகிறார்கள். குளத்தில் விழுந்து செத்த பிறகுதான் அவள் உயிரோடிருந்தாள் என்று வீட்டாருக்குத் தெரிகிறது. காதம்பினி கைம்பெண் என்பதால் மூச்சு நிற்கும் முன்பே பாதி இறந்தவளாகத்தான் அந்த வீட்டில் இருந்தாள்.

இது வெறும் கற்பனை இல்லை. வங்காளத்துப் பாவால் சமீனின் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண் ராய் 1909 மே மாதம் டார்ஜிலிங்கில் இறந்ததாக அறிவிக்கப்பட்டார், ஈமக்கடனும் முடிந்தது. 1921இல் டாக்காவில் ஒரு சன்னியாசி நான்தான் அவர் என்றார். அக்காள் ஏற்றுக்கொண்டார், மனைவி விபாவதி கடைசிவரை ஏற்கவில்லை. 1930இல் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1946 ஜூலை 30இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. சில நாளில் அவர் உண்மையாகவே இறந்துபோனார். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். குமாரருக்கு வழக்கு மன்றம் இருந்தது. காதம்பினிக்குக் குளம் இருந்தது.

இப்போது காஞ்சிக்கு மறுபடி வருவோம். ஏழு வேளாளரின் ஊரிலிருந்து இன்னொரு கதையும் கிளம்புகிறது. பழையனூர் நீலி. காஞ்சியில் மனைவியோடு வாழ்ந்தவன் காசிக்குப் போன இடத்தில் இன்னொருத்தியை மணந்தான். அவளை வீட்டுக்கு அழைத்துப் போனால் என்ன ஆகுமோ என்று அஞ்சி வழியிலேயே கொன்றான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கணவன் என்னை விட்டு ஓடுகிறான் என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். அவன் இவள் பேய் என்று கத்துகிறான். அவையோர் அவளைத்தான் நம்பினார்கள். உமக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஒரே வீட்டில் சேர்த்தார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடந்தான், எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுத் தேவாரத்திலேயே இந்தப் பழியைக் குறிப்பிடுகிறார். அங்கே தீப்பாய்ந்த மண்டபம் இன்றும் இருக்கிறது.

வாக்குத் தவறாத எழுபது பேரின் பெருமைக்காகவே இந்தக் கதை காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவையில் நடந்ததைக் கவனியுங்கள். இடுப்பில் பிள்ளை, கண்ணில் நீர், வாயில் அத்தான் என்ற சொல். பத்தினி எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்ததோ, அப்படியே நீலி வந்து நின்றாள். அந்த வேடத்துக்கு முன்னால் ஒருவனின் உயிர்ப்பயம் எடுபடவில்லை. காஞ்சியிலும் அதுவே நடந்தது. கைம்பெண் கோலத்துக்கு முன்னால் உயிருள்ள கணவன் எடுபடவில்லை.

திருவாலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு, காரைக்கால் அம்மையார். கணவன் பரமதத்தன் அவரைத் தெய்வம் என்று அஞ்சி வேறு ஊருக்குப் போய் மறுமணம் செய்துகொள்கிறான். தேடிவந்த மனைவியின் காலில் விழுகிறான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று அவர் சதையை உதறிப் பேயுரு கேட்டு வாங்குகிறார். அதே ஆலங்காட்டுச் சுடுகாட்டைத் தம் மூத்த திருப்பதிகத்தில் பாடுகிறார். ஊர் விலக்கிய பெண்ணுக்குப் பழி ஒன்றுதான் வழி என்பதை அம்மையார் ஏற்கவில்லை. அவருக்குப் பாட்டு இருந்தது. உலகின் எந்தக் கோதிக் நாவலிலும் பேயே எழுத்தாளராக வந்து நான் கண்டதில்லை.

காதல் எங்கே என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். சுவடியில் காதல் என்ற பேச்சே இல்லை. பெண் கேட்டார்கள், மறுத்தார்கள், தூக்கினார்கள். நம் புறத்திணையில் மகட்பாற் காஞ்சி என்று ஒரு துறையே இருக்கிறது. பெண் கேட்டு வரும் வேந்தனுக்கு மறுக்கும் குடி, அதனால் வரப்போகும் அழிவு. புறநானூற்றில் அந்தத் துறைப் பாட்டுகளைத் தொடர்ந்து படித்தால் எல்லாரும் பேசுவார்கள், தந்தை, அண்ணன்மார், ஊரார், புலவர். அந்தப் பெண் பேசமாட்டாள். ஏழு கன்னியரில் ஒருத்தியாவது விரும்பிப் போயிருந்தால் காஞ்சி அதை எப்படிச் சொல்லியிருக்கும்? தூக்கிக்கொண்டு போனார்கள் என்றுதான் சொல்லியிருக்கும். உண்மையாகவே கடத்தப்பட்டிருந்தால் அந்தக் கொடுமையை அவள் சொல்லக் கேட்க ஒருவரும் இல்லை. கொன்று பழிதீர்த்த பிறகு ஏழு பெண்களும் என்ன ஆனார்கள் என்று சுவடி சொல்லவில்லை. கொலையுண்ட வேடர்களின் குலத்திலிருந்து, கொன்றவர்களுக்கே மனைவியராக வந்த பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் இல்லை. பழி ஆண்களுக்கிடையே முடிந்துவிட்டது. அதன் விலையை மூன்று வகைப் பெண்கள் கொடுத்தார்கள்: பறிகொடுக்கப்பட்டவர்கள், தாலி இழந்தவர்கள், பகைவனுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சாதி மாறி மணம் செய்துகொண்ட மகளுக்கு, அவள் அடுத்த ஊரில் உயிரோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டி, மொட்டையடித்து, கருமாதி செய்த பெற்றோரைப் பற்றிய செய்திகள் நம் தமிழ்நாட்டில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. படத்துக்கு மாலை போட்டு, தோற்றம் மறைவு என்று தேதி அச்சடித்து, ஊருக்குச் சோறு போடுகிறார்கள். அந்தப் பெண் ஒருநாள் அம்மாவைப் பார்க்க வந்து வாசலில் நின்றால் அவள் யார்? காஞ்சியில் நாய்களை நம்பிச் செய்தார்கள், தெரியாமல் செய்தார்கள். இவர்கள் தெரிந்தே செய்கிறார்கள். சில இடங்களில் சுவரொட்டியோடு நிற்காமல் உண்மையான கொலையும் நடக்கிறது. சடங்கால் கொல்லப் பழகிய கைக்கு அரிவாள் அந்நியமில்லை.

கோதிக் கதை தமிழுக்கு வந்த வழியிலும் இந்த மலையின் அடிவாரத்துக்குப் பங்கு உண்டு. ஜவ்வாது மலையில் பிறக்கும் கமண்டல நாகநதி ஓடும் ஊர் ஆரணி. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆரணி குப்புசாமி முதலியார் 'ஆனந்தபோதினி'யில் பணியாற்றியவர். ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கிலச் சனரஞ்சக எழுத்தாளர்களின் கதைகளைத் தமிழ்ப் பெயர்களோடு தழுவி எழுதியவர்களில் முன்னோடி. வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அந்த வழியில் நடந்தவர். ஆயிரக்கணக்கானவர்களைப் படிக்கவைத்த உழைப்பு அது, மரியாதையோடுதான் சொல்கிறேன். இருந்தாலும் ரகசிய வழியும் மாறுவேடமும் கள்ள உயிலும் கடல் தாண்டி வந்த அளவுக்கு, அவற்றுக்கு அடியிலிருந்த கேள்வி வரவில்லை. பெரும்பாலும் வில்லன் பிடிபடுவான், பிரிந்தவர்கள் சேர்வார்கள், குடும்பம் பழையபடி தழைக்கும். குடும்பமே கொலைக்களமாக இருக்க முடியும் என்ற எண்ணத்தை அந்த நாவல்கள் தாங்கவில்லை. ஆரணியிலிருந்து ஏறி வரும் தூரத்தில், ஓலையில், அந்தக் கேள்வி எழுதப்பட்டிருந்தது.

மலையாளி மக்களின் கதை ஐரோப்பியக் கோதிக்கிலிருந்து பிரியும் இடம் ஒன்று உண்டு. அங்கே திரும்பி வந்தவன் பழைய வீட்டை விடமாட்டான். ஹீத்கிளிஃப் அடுத்த தலைமுறையையும் கசக்கிப் பிழிகிறான், பெர்தா மாளிகைக்குத் தீ வைக்கிறாள், நீலி எழுபது பேரைக் கொண்டுபோகிறாள். காஞ்சியின் ஏழு பேருக்கும் கையில் ஆயுதம் இருந்தது, கொன்று பழகிய கைதான். அவர்கள் காஞ்சியைக் கொளுத்தவில்லை. கருமாதி செய்த வீட்டைச் சுற்றி அலையவில்லை. பெண் கொடுக்க மறுத்த குலப்பெருமையைப் பாலாற்றங்கரையிலேயே விட்டுவிட்டு, ஏளனம் செய்யப்பட்ட குலத்தில் பெண் எடுத்துக்கொண்டு மேலே வந்து காடு திருத்தினார்கள். ஊர் பேயாக்கியவர்கள் இங்கே பாட்டன்களானார்கள். நீங்கள் விதைக்கிற சாமை அவர்கள் தொடங்கிய வேளாண்மையின் தொடர்ச்சி என்றுதான் உங்கள் சுவடி சொல்கிறது. இந்த முடிவை எழுத வால்போலுக்கும் தெரியவில்லை, எமிலி பிராண்டிக்கும் நாவலின் கடைசி அத்தியாயங்களில் இளைய தலைமுறையைக் கொண்டுதான் அதன் பக்கத்தில் வர முடிந்தது.

மாணவர்களிடம் ஒரு வேலையை விட்டுச் செல்ல விரும்புகிறேன். சுவடியை எழுதியவர்கள் ஆண்களைப் பற்றி எழுதினார்கள். எழுதாததைப் பாட்டிமார் அறிந்திருக்கக்கூடும். ஏழு கன்னியருக்குப் பெயர் உண்டா, அவர்கள் வீடு திரும்பினார்களா, வேடர் வீட்டுப் பெண்கள் மலையேறும்போது என்ன பாடினார்கள், காஞ்சியில் இருந்துவிட்ட மனைவிமாருக்காக இங்கே யாராவது அழுவதுண்டா என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் விடை மாறினால் எல்லாவற்றையும் எழுதுங்கள், எது சரி என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். சொல்கிறவர் பேச்சை நூல் தமிழுக்கு மாற்றாதீர்கள், அவர் விரும்பினால் மட்டும் பெயர் போடுங்கள். அவற்றை அடுத்த ஆண்டு இதே மேடையில், எழுதிய மாணவர்களையே வாசிக்கவைக்கும்படி அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.